பூனைக்கும் ஒரு விருப்பம் உண்டு

கூப்பிடாமலே மடியில் வந்து சுருண்டு படுக்கும் பூனை உண்டு. எத்தனை நாள் சோறு வைத்தாலும் எட்டி நின்றே பார்க்கும் பூனையும் உண்டு. ஒரே தாயின் குட்டிகளிடம்கூட இந்த வேறுபாட்டைக் காணலாம். தள்ளி நிற்பதை "நன்றி கெட்டது" என்று நாம் இலகுவில் சொல்லிவிடுகிறோம். உண்மையில், தொடுகையை ஏற்பதில் ஒவ்வொரு பூனைக்கும் ஒவ்வொரு விருப்பம் இருக்கிறது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையான காலம் முக்கியமானது. அப்போது மனிதரின் கை மென்மையாகப் பட்டு வளர்ந்த குட்டி பின்னாளில் மனிதரை நம்பும். பற்றைக்குள்ளும் பாழடைந்த வீட்டிலும் வளர்ந்த குட்டிக்கு அந்த நம்பிக்கை வர நாளெடுக்கும். தந்தைப் பூனையின் சுபாவமும் குட்டிகளுக்கு வருவதுண்டு. நோயும் வலியும் பட்ட அடியும்கூடப் பூனையை விலகச் செய்யும்.

எங்கே தொடலாம்?

2015 இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், வாலின் அடிப்பகுதியைத் தடவியபோதே பூனைகள் அதிக வெறுப்பைக் காட்டின. கன்னம், நாடி, கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதி என்பவற்றைத் தடவுவதைப் பல பூனைகள் விரும்பும். வயிற்றைத் தொடுவதைப் பெரும்பாலானவை விரும்புவதில்லை.

முதலில் விரலை அதன் மூக்குக்கு நேரே நீட்டிப் பொறுத்திருங்கள். அது வந்து உரசினால் சில விநாடிகள் தடவி, கையை எடுங்கள். மீண்டும் உரசினால் தொடரலாம். வாலை விசுக்கி ஆட்டுதல், காதைப் பின்னுக்கு மடித்தல், முதுகுத் தோல் துடித்தல், திரும்பிக் கையைப் பார்த்தல் ஆகியவை "போதும்" என்பதற்கான அடையாளங்கள். இதைக் கவனியாதபோதுதான் பெரும்பாலும் பிறாண்டல் விழுகிறது.

ஒரு தாய் சொன்னது

களப்பணிக்காக நான் செல்லும் ஒரு வீட்டில் தாயும் மகளும் மட்டுமே. 2009 இல் பட்ட எறிகணைச் சிதறல் தாயின் தோளில் இன்னமும் இருக்கிறது. அங்கு ஒரு பூனை எவரையும் தொட விடாது. மகள் அதைத் துரத்திப் பிடித்துக் கட்டியணைப்பாள், கையெல்லாம் கீறல்.

பூனையின் அடையாளங்களை நான் விளக்கியபோது தாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் அப்பிடித்தான் பிள்ளை. பின்னால வந்து ஆரும் தோளில கை வைச்சா உடம்பெல்லாம் நடுங்கும். சனம் எனக்குப் பெருமை எண்டு கதைக்குது" என்றார். மகள் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் பூனையைத் துரத்துவதில்லை. தாய்க்குப் பின்னால் வரும்போதும் "அம்மா" என்று குரல் கொடுத்துவிட்டே வருகிறாள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்

பூனை விலகினால் விட்டுவிட வேண்டும் என்று அறிந்த பிள்ளை, அடுத்தவரின் உடலை மதிக்கப் பழகுகிறது. தன் உடலைத் தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கும் உண்டு என்பதையும் விளங்கிக்கொள்கிறது. ஆகவே உறவினரைக் கட்டிப்பிடிக்கவோ முத்தமிடவோ மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். கைகூப்பி வணக்கம் சொன்னாலே போதும். "ஏன் பிடிக்கவில்லை?" என்று பிறகு தனியாக, ஆறுதலாகக் கேளுங்கள். சில வேளை நீங்கள் அறிந்தேயாக வேண்டிய பதில் வரலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பூனையாலும் விசர்நோய் தொற்றும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கீறல் சிறிதென்று இருந்துவிடாதீர்கள்.