சோளத் தட்டை மாட்டுக்கா, மண்ணுக்கா?

ஐதராபாத், சந்தோஷ் நகர் வழியே வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் பலர் அங்குள்ள மத்திய மானாவாரி விவசாய ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் இரண்டு ஏக்கர் காட்டை வாரத்துக்கு விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்களுக்கு, அங்கே நடக்கும் ஆராய்ச்சி அந்நியமானதல்ல. 1970-ல் அகில இந்தியத் திட்டமாகத் தொடங்கிய இது, 1985-ல் தனி நிலையமாயிற்று. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் இத்திட்டத்தில் சேர்ந்ததே.

மேல்மண் போகும் வழி

ஐதராபாத் சுற்றுப்புறத்தில் செம்மண் மிகுதி. சோளம் அறுத்தபின் தட்டையை அடியோடு எடுத்துவிட்டால் நிலம் மொட்டையாகிவிடுகிறது. மழைத்துளி மண்கட்டியை உடைத்துப் பொருக்குக் கட்ட வைக்கிறது. அதன்பின் பெய்யும் மழை உள்ளே இறங்காமல், சத்துள்ள மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. அடிக்கட்டை நின்றால் நீரின் வேகம் குறையும். காற்றில் புழுதி பறப்பதும் குறையும். கரிசல் காட்டில், பரப்பிய தாள் வெயிலை மறைத்து ஈரத்தைக் காக்கும்.

தட்டைக்கும் விலை உண்டு

இது விவசாயிக்குத் தெரியாததல்ல. ஆனால் மாட்டுக்குத் தீனி வேண்டுமே! ஐதராபாத் பால் மாடுகளுக்குச் சோளத் தட்டை வெளியூர்களிலிருந்து வந்து விற்பனையாகிறது. 2004-05-ல் நடந்த ஒரு சந்தை ஆய்வின்படி, தரத்துக்கேற்பக் கிலோ சுமார் ரூ.3 முதல் ரூ.4 வரை விலை போயிற்று. காசாகும் பொருளை நிலத்தில் விடு என்றால் யார் விடுவார்?

ஹயாத் நகர் சோதனை

இந்நிலையத்தின் ஹயாத் நகர் பண்ணையில் 1995 முதல் சோளமும் ஆமணக்கும் மாற்றி மாற்றிப் பயிரிட்டுச் சோதித்தார்கள். சில பாத்திகளில் எக்டேருக்கு 2 டன் சோளத் தட்டை, சிலவற்றில் அதே அளவு கிளைரிசிடியா தழை, மற்றவற்றில் எதுவுமில்லை. வழக்கம்போல் உழுத பாத்திகளே, உழவைக் குறைத்தவற்றைவிட அதிகம் விளைந்தன. பொருக்குக் கட்டும் செம்மண்ணுக்கு உழவு தேவை என்பது தெளிவாயிற்று. அப்படி உழுது, கிளைரிசிடியா தழையும் தழைச்சத்து உரமும் இட்ட பாத்திகளில் மண்ணின் தரமும் நன்கு உயர்ந்தது.

ஆகவே தட்டை முழுவதையும் இழக்க வேண்டியதில்லை. மேல் தட்டையை மாட்டுக்கு அறுத்துக்கொண்டு, அடிக்கட்டையை நிலத்திலேயே விடலாம். உழும்போது சரிவுக்குக் குறுக்காக உழலாம். வரப்பில் கிளைரிசிடியா நட்டு, தழையை வெட்டிப் போடலாம். காய்ந்த தாள் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைச் சிறிது காலம் இழுத்துக்கொள்ளும் என்பதால், உரத்தில் கொஞ்சம் கூட்ட வேண்டும். கொளுத்துவது மட்டும் கூடாது. கொளுத்தினால் மாட்டுக்கும் இல்லை, மண்ணுக்கும் இல்லை.

ஊருக்குப் போன் செய்யும்போது "மழை உண்டா?" என்று கேட்பவர்கள், வாரக்காரரிடம் "கட்டையை என்ன செய்தீர்கள்?" என்றும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. என்றாவது ஊர் திரும்பும்போது நிலம் இருக்கும். மேல்மண் இருக்குமா என்பது அதைப் பொறுத்தது.