சிலம்பை யாரும் திறந்து பார்க்கவில்லை

கோவலன் கதை என்றால் கண்ணகி சிலம்பை உடைத்த இடம்தான் எல்லாருக்கும் நினைவில் நிற்கும். எனக்கு என்னவோ அதற்கு முந்திய இடம்தான் பல வருஷமாக மனசில் கிடக்கிறது. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். ஆளைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் ஒரு பிரசங்கம் செய்கிறான். திருடர்களுக்கு எட்டு விதத் துணை உண்டு, அவர்கள் என்னென்ன மாயம் செய்வார்கள் என்று அடுக்குகிறான். கெட்டிக்காரத்தனமான பேச்சு. ஆனால் எதிரே நிற்கிற இந்த மனிதனைப் பற்றியோ, இந்தச் சிலம்பைப் பற்றியோ அதில் ஒரு தடயமும் கிடையாது. பேச்சு முடிகிறது, ஒருவன் வெட்டிவிடுகிறான். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று திறந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் நம் ஊர் வழக்கு. 2025 ஜனவரி 20-ஆம் தேதி நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ. எம். பஷீர், ஷாரோன் கொலை வழக்கில் கிரீஷ்மாவுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். பாறசாலை முழுக்க அன்று டி.வி. முன்னால்தான். நான் வக்கீல் இல்லை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, இங்கே பாத்திரக் கடை வைத்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.; மற்றதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்தது. அன்று களியக்காவிளைப் பக்கத்திலிருந்து குத்துவிளக்கு வாங்க வந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, வெசம் கலந்ததை ஒருத்தரும் பாக்கல. செத்த பையனே அவ மேல சந்தேகம் இல்லைன்னு மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட சொல்லிட்டான். பின்ன எப்படி தூக்கு?"

நல்ல கேள்வி. இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரி விவாதம் நடத்திய சேனல்களில் இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி நான் கேட்கவில்லை. என் அறிவுக்கு எட்டிய மட்டும் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

வெளியூர் அன்பர்களுக்காக விவரம் சுருக்கமாக. ஷாரோன் பாறசாலைப் பக்கத்து இளைஞர், வயது 23, கல்லூரி மாணவர். கிரீஷ்மாவின் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம் தேவிகோடு ராமவர்மன்சிறை. இருவரும் காதலித்தவர்கள். பெண்ணுக்கு வேறு இடத்தில் திருமணம் நிச்சயமாகிறது. 2022 அக்டோபர் 14 அன்று அவள் வீட்டில் ஷாரோன் கஷாயம் குடிக்கிறார். 25-ஆம் தேதி திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் உயிர் போகிறது. நடுவில் பதினொரு நாள்.

நம் பழைய தமிழ் நூல்களில் அளவை என்று ஒரு சாஸ்திரம் உண்டு. ஒரு விஷயத்தை உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்கிற சாஸ்திரம். காட்சி, கருதல், உரை என்று மூன்றைப் பொதுவாகச் சொல்வார்கள். மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து வரை எண்ணுவான். கண்ணால் கண்டது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று தெளிவது கருதல். நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. கோர்ட்டில் சாட்சி சொல்வது நீதிபதிக்கு உரை. தடயவியல் என்கிறோமே, அது முழுக்கக் கருதல்.

காட்சிதான் உயர்ந்தது, கருதல் அதற்கு அடுத்தபடி என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒருதரம் சாட்சிக் கூண்டில் ஏறும்வரை. பல வருஷம் முன்பு கடைக்கு எதிரே லாரியும் ஸ்கூட்டரும் மோதிக்கொண்டன. லாரி வேகமாக வந்து மோதியதைப் பார்த்தேன் என்று போலீசில் சொல்லியிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் சாந்தமாகக் கேட்டார்: "நைனாரே, மோதினதைப் பார்த்தீங்களா, இல்ல சத்தம் கேட்டு அப்புறம் திரும்பிப் பார்த்தீங்களா?" வாயடைத்துப் போனேன். என் கல்லா தெருவுக்கு முதுகு காட்டித்தான் இருக்கும். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். வேகமாக வந்தது என்பது கூடியிருந்தவர்கள் சொன்னது. அதை எப்போது நான் கண்ட காட்சியாக மாற்றிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னது உண்மையும் இல்லை.

இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். சாகும் நிலையில் உள்ளவர் தன் சாவின் காரணம் பற்றிச் சொல்வது மரண வாக்குமூலம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் அது 32-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 26. சொன்னவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்குவிசாரணை செய்ய முடியாது, ஆனாலும் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் "எனக்கு அவள் மேல் சந்தேகம் இல்லை" என்பது என்ன? அது அவர் கண்ட செய்தியா? இல்லை. அது அவர் மனசில் இருந்த பிரியம். கஷாயம் குடித்தேன் என்பது செய்தி. அதைப் பற்றி இருவரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதெல்லாம் போனில் இருந்தது. செய்தியை எடுத்துக்கொண்டு, பிரியத்தைப் பிரியமாகவே விட்டுவிடலாம். ஒன்று மற்றதை அழிக்காது.

இனி யாரும் பார்க்கவில்லையே என்பது. விஷம் வைப்பவர்கள் சாட்சி வைத்துக்கொண்டு வைப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. விஷக் கொலை என்றால் நான்கு கேள்வி. கொல்ல நோக்கம் இருந்ததா? செத்தது விஷத்தால்தானா? அந்த விஷம் இவர் கையில் இருந்ததா? கொடுக்க வாய்ப்பு இருந்ததா? இதற்கு மேல், சந்தர்ப்ப சாட்சியங்கள் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோத்திருக்க வேண்டும். குற்றவாளி அல்ல என்று நினைக்க நியாயமான இடம் எங்கும் இருக்கக் கூடாது. சார்தா வழக்கில் என்ன ஆயிற்று தெரியுமா? கீழ்க்கோர்ட் தூக்கு விதித்து, பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்திருந்தது. சங்கிலி அறுந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆகவே கருதல் என்பது ஊகம் இல்லை. நான் கூண்டில் நின்று சொன்னதைவிடக் கடினமான சோதனை அதற்கு உண்டு.

நெய்யாற்றின்கரையில் அந்த நான்குக்கும் பதில் வந்தது. நோக்கம், நிச்சயமான திருமணம். (சேனல்களில் ஜாதக தோஷம்தான் அதிகம் ஓடியது. ஜாதகம் என்றால் நாலு பேர் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள் அல்லவா!) விஷம் பாராகுவாட் என்கிற களைக்கொல்லி. இரண்டு பக்கமும் ரப்பர், வாழைத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த சரக்கு. கேரளம் 2011-லேயே தடை செய்தது. அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிறகு நுரையீரலில் போய்ச் சேர்ந்து மூச்சுப்பையைத் தழும்பாக்கிவிடும். முறிவு மருந்து கிடையாது. ஆள் நாள்கணக்கில் நினைவோடு கிடந்து சாவது இதனால்தான். நாள் கடந்த பிறகு டாக்டர்களுக்குப் பேசும் சாட்சி அந்தப் புண்களும் உறுப்புகளும்தான். மீதியைப் போன் பேசியது: அந்த விஷத்தைப் பற்றி இணையத்தில் தேடிய விவரம், அழித்த பின் மீட்டெடுத்த செய்திகள், முன்பு குளிர்பானத்தில் மாத்திரை கலந்து கொடுத்துப் பார்த்த நாளில் ஷாரோன் எடுத்த வீடியோ.

அந்த வீடியோவை டி.வி.யில் எத்தனை தடவை காட்டினார்கள்! நம் பேத்திகளுக்கே மனப்பாடம். ஆனால் டி.வி.யில் ஓடுகிற துண்டு சாட்சியம் ஆகாது. 2014-ல் கேரளத்துத் தேர்தல் வழக்கு ஒன்றில்தான், மின்னணுப் பதிவின் நகலை வைத்தால் 65பி பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. எந்தக் கருவி, யார் பொறுப்பில் இருந்தது, எப்படி நகல் எடுத்தார்கள் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவில் 1995-ல் ஓ. ஜே. சிம்ப்சன் வழக்கைக் கோர்ட்டுக்குள்ளேயே கேமரா வைத்து உலகத்துக்கே காட்டினார்கள். கையுறை கைக்குள் போகாமல் திணறியதை ஜூரிகளோடு சேர்ந்து ஜனங்களும் பார்த்தார்கள். நம் செஷன்ஸ் கோர்ட்டில் அப்படி இல்லை. நாம் பார்த்தது போலீஸ் வேன், வராந்தா, பிறகு ஸ்டூடியோவில் நாலு பேர்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு விஷயம். கஷாயம் குடித்தது தமிழ்நாட்டில், இறந்தது கேரளத்தில். எந்த மாநிலம் விசாரிப்பது என்று பெரிய வாதம் நடந்தது. செயல் ஓரிடத்திலும் அதன் விளைவு வேறிடத்திலும் நடந்தால் இரண்டு இடத்துக் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு என்பது அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. வழக்கை நாகர்கோவிலுக்கு மாற்றக் கேட்டதை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் என்றால் இரண்டு ஊரும் ஒரே ராஜ்யம், கேள்வியே எழுந்திருக்காது.

தூக்கு சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். எறும்பை மிதித்தால் பதறுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். செஷன்ஸ் கோர்ட் விதிக்கும் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது என்பது சட்டம். சார்தா வழக்கை நினைத்தால் அந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. நான்கு கேள்வியை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அவளோட அம்மாவை ஏன் விட்டுட்டாங்க?" என்றார். வழக்கில் மூன்று பேர். மகளுக்குத் தூக்கு. தடயத்தை அழித்ததற்காக மாமாவுக்கு மூன்று வருஷம். தாய்க்கு எதிரான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. ஒரே வீடு, ஒரே சாட்சியக் கட்டு, ஆளுக்கு ஒரு முடிவு. அவரவர் வரை சங்கிலி எவ்வளவு தூரம் போகிறது என்று தனித்தனியாகப் பார்த்ததால் வந்த வித்தியாசம் அது.

2022-ல், கைது நடந்த வாரத்தில், வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கடைக்கு வந்தவர்களிடம் நானும்தான் சொன்னேன். குடும்பங்கள் எப்படி இருக்கும், தாய் மனசு எப்படி ஓடும் என்று விளக்கமாக வேறு சொன்னேன். எத்தனை பேரிடம் என்று கணக்கில்லை.