எழுந்திருக்கத் தெரிந்தவரே கெட்டிக்காரர்!

சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர் யார்? எப்போதும் ஜெயிப்பவரா? அப்படி ஒருவரும் இல்லை. ஆட்டத்தை எப்போது விடவேண்டும் என்று அறிந்தவரே கெட்டிக்காரர்.

ரம்மியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 13 சீட்டு. வழக்கமாக 2 கட்டு. அதாவது 104 சீட்டு. ஜோக்கர் தனி. ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்று கட்டாயம் சேரவேண்டும். அது சேராமல் தோற்றால், கையிலுள்ள எல்லாச் சீட்டும் கணக்கில் ஏறும். 80 புள்ளி வரை போகும்.

20-ம் 80-ம்

முதல் சீட்டை எடுக்கும் முன்பே ஆட்டத்தை விட்டால் 20 புள்ளிதான் நஷ்டம். இதை "ஸ்கூட்" என்பார்கள். நடுவில் விட்டால் 40.

நாலு முறை ஸ்கூட் விட்டாலும் 80. ஒரே முறை பிடிவாதம் பிடித்து முழுதாகத் தோற்றாலும் 80!

எத்தனை சீட்டு பாக்கி?

கையில் இஸ்பேட் 5, 6 இருக்கிறது. 4 வந்தாலும் சேரும். 7 வந்தாலும் சேரும். 2 கட்டில் அவை மொத்தம் 4 சீட்டு. 5, 7 இருந்தால்? நடுவிலுள்ள 6 மட்டுமே சேரும். அது 2 சீட்டுதான். அந்த இரண்டும் கீழே விழுந்துவிட்டால், காத்திருப்பது வீண்.

கீழ்பென்னாத்தூரில் திருவண்ணாமலை பஸ்சுக்கு நிற்பவர், கடைசி பஸ் போய்விட்டது என்று தெரிந்தபின் நிற்பாரா? சீட்டும் அப்படித்தான்.

மேல்நாட்டுப் போக்கரிலும் இதே கணக்குதான். ஒரே இனத்தில் 4 சீட்டு சேர்ந்துவிட்டது, ஐந்தாவது வேண்டும். வரவேண்டியது கடைசிச் சீட்டு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46. அதில் உதவுவது 9. சுமார் ஐந்தில் ஒரு தடவைதான் வரும். ஆகவே, 100 ரூபாய் போட்டால் 400 ரூபாய்க்குமேல் கிடைக்கும் என்றால்தான் தொடரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரம்மியில் பெரும்பகுதி திறமையே என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பாராமல் தடை செய்து, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

காரணம் உண்டு. கணக்குத் தெரிந்தவரையும் கவிழ்ப்பது ஒன்று இருக்கிறது. "விட்டதைப் பிடித்துவிடலாம்" என்ற ஆசையே அது! 20 புள்ளியோடு எழுந்திருக்க வேண்டியவரை 80 வரை உட்காரவைப்பது அதுதான். புள்ளி போனால் சிரித்துக்கொண்டு எழுந்துவிடலாம். அரிசிக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் வைத்திருந்த பணம் போனால், அழுவது வீட்டில் இருப்பவர்கள்.