ஏரிக் குளிதுறையில் மெட்டல் டிடெக்டர்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. கோடையில் அவற்றின் குளிதுறைகளில் கூட்டம் அலைமோதும். குளிர்ந்த நீரில் விரல் சற்றே சுருங்கும். வெயிலுக்குத் தடவிய களிம்பு வழுக்கும். பந்தை வீசும் வேகத்தில் மோதிரமும் கழன்று விழும். அப்படி விழுந்ததைத் தேடத்தான் நீங்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கப் போகிறீர்கள்.

யார் அனுமதி வேண்டும்? கருவி வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் போன்ற தேசியப் பூங்கா நிலங்களில், கருவியைப் பயன்படுத்தும் நிலையில் கையில் வைத்திருப்பதே குற்றம். மிச்சிகன் மாநிலப் பூங்காக்கள் சிலவற்றில் எங்கும் தேடலாம், சிலவற்றில் குறித்த பகுதிகளில் மட்டும். கிடைத்ததைப் பூங்கா ஊழியரிடம் காட்ட வேண்டும். ஊராட்சி, நகராட்சிக் குளிதுறை என்றால் அந்த அலுவலகத்தில் கேளுங்கள்.

தண்ணீரில் கருவி வேலை செய்யுமா? செய்யும். கருவியின் அடியில் இருக்கும் காயில் (கம்பி சுற்றிய வட்டத் தகடு) காந்தப் புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். காயில் அதை உணர, கருவி ஒலி எழுப்பும். கடலின் உப்புநீரே மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி குழம்பும். ஏரியில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் காயில் நனையலாம் என்பதற்காகத் திரை இருக்கும் பெட்டியும் நனையலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரட் ஏடி புரோ, மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 இரண்டும் 3 மீட்டர் ஆழம்வரை தாங்கும். எல்லாக் கருவிகளும் அப்படியல்ல. ஹெட்போன் நனையலாமா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

எங்கே, எப்போது தேடுவது? முழங்கால் முதல் இடுப்பளவு ஆழம் நல்ல இடம். பெரியவர்கள் பந்தாடுவதும் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டு விளையாடுவதும் அங்கேதான். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினம் முடிந்ததும் கூட்டம் கரைந்துவிடும். நீரோ இன்னும் சில்லிட்டிருக்காது.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது ஒலியில்தான். கருவியில் டிஸ்கிரிமினேஷன் (வேண்டாத உலோகத்துக்கு ஒலிக்காமல் அடக்கும் வசதி) இருக்கும். சோடா டின்னின் அலுமினிய வளையங்கள் சலிப்பூட்டுவதால் அவற்றை அடக்கிவிடத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஏன்? தங்கம் நல்ல மின்கடத்திதானே, தனி ஒலி தராதா என்று கேட்பீர்கள். கருவி உலோகத்தின் பெயரை அறியாது. பொருளின் அளவு, தடிமன், கலப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்க மோதிரங்களில் பெரும்பாலானவை நாம் பழகிய 22 காரட் அல்ல. 14 அல்லது 10 காரட். மெல்லிய 14 காரட் மோதிரமும் அலுமினிய வளையமும் கருவியின் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். வளையத்தை அடக்கினால் மோதிரமும் சேர்ந்து ஊமையாகிவிடும். கையிலெடுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்: வெள்ளி கருத்துப்போயிருக்கலாம், தங்கம் பெரும்பாலும் மஞ்சள் மாறாமல் வரும். உட்புறம் 14கே அல்லது 585 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எடுப்பது எப்படி? காயிலைத் தரையை ஒட்டி, மெதுவாக, முன் தடத்தின் மேல் பாதி படியும்படி வீசுங்கள். ஒலி வலுத்த இடத்தில் காயிலை நிறுத்தி, அதன் விளிம்பில் கால் விரலை வையுங்கள். காயிலை நகர்த்திவிட்டு, விரலுக்கு முன்னால் ஸ்கூப்பை (துளையிட்ட, நீண்ட பிடியுள்ள அள்ளுகரண்டி) ஆழமாக இறக்கி அள்ளுங்கள். மணல் வடியட்டும். குழியை மறுபடி சோதியுங்கள். கனமான மோதிரம் தளர்ந்த மணலில் கீழே நழுவியிருக்கும். பிறகு குழியை மூடிவிடுங்கள். அடுத்து வரும் குழந்தையின் கால் அதில்தான் இறங்கும்.

கெட்டியான அடியுள்ள நீர்க்காலணி கட்டாயம். தூண்டில் முள், கண்ணாடித் துண்டு, கத்தி போன்ற விளிம்புள்ள ஸீப்ரா சிப்பி எல்லாம் அடியில் கிடக்கும். தரை திடீரென ஆழமாகும் இடங்களும் உண்டு, தனியாக இறங்காதீர்கள். கரையேறியதும் உடம்பை நன்றாகத் துடையுங்கள், இல்லையென்றால் நத்தைகளிலிருந்து வரும் நுண்புழுக்களால் தோல் அரிக்கலாம். இன்னோர் ஏரிக்குப் போகும் முன் கருவிகளைக் கழுவி உலர்த்துங்கள். வேற்று நாட்டிலிருந்து வந்து பரவும் ஸீப்ரா சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு போகும்.

கிடைத்த மோதிரம் உங்களுடையதாகிவிடுமா? இல்லை, அது யாரோ தொலைத்தது. அமெரிக்கப் பள்ளி மோதிரங்களில் பள்ளியின் பெயரும் ஆண்டும் இருக்கும், உள்ளே பெயரின் முதலெழுத்துகளும் இருக்கலாம். பள்ளி அலுவலகத்துக்கு எழுதினால் உரியவரைக் கண்டுபிடித்துவிடலாம். திருமண மோதிரம் என்றால் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள், குளிதுறையில் அறிவிப்பும் ஒட்டுங்கள். ஆனால் மோதிரத்தின் உள்ளே பொறித்திருப்பதை அறிவிப்பில் எழுதாதீர்கள். கேட்டு வருபவர் அதைத் தானாகச் சொல்லட்டும்.