சங்கிலிக்குள் அடங்காத சொல்

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பகுதியில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பலர் பார்த்திருப்பீர்கள், பாராதவர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கும் அக்கிணற்றில் மேலே நிற்பது நன்னீர். ஆழம் செல்லச் செல்ல உவர்நீர்.

திமொத்தேயுவுக்குப் புனித பவுல் எழுதிய இரண்டாம் திருமுகமும் அத்தகையதே. அதன் இரண்டாம் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தில், தாம் குற்றவாளியைப்போல் விலங்கிடப்பட்டிருந்தாலும் இறைவார்த்தைக்கு விலங்கில்லை என்கிறார். நாம் பெரும்பாலும் இந்த மேல்நீரை மட்டும் அள்ளிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

சற்று ஆழத்தில் இறங்குவோம். நான்காம் அதிகாரத்தில் அதே பவுல், துரோவாவில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்கிறார், நூல்களைக் கேட்கிறார், குளிர்காலத்துக்கு முன் வந்து சேரும்படி வேண்டுகிறார். முதல் விசாரணையில் தம் பக்கம் எவரும் நிற்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. சங்கிலி வலிக்கவில்லை என்று திருத்தூதர் எங்கும் சொல்லவில்லையே! சிறையில் மகனை வைத்திருக்கும் தாயிடம் அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லி விடைபெறுவது, அத்தாய்க்கும் பவுலுக்கும் இழைக்கும் அநீதி.

நம் மண்ணின் மறைப்பணியாளர் புனித யோசேவாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் அவர். சில்லாலை அவருக்குப் புகலிடம் அளித்தது. 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்று ஐயுற்றுச் சிறையில் அடைத்தார்கள். அங்கே அவர் சிங்களம் கற்றார். சிறைவளவிலேயே ஒரு சிறு குடில் அமைத்து வழிபட்டார். காவலர் கண்முன்னே மக்கள் அவரைத் தேடி வந்தனர். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அந்தச் சிறைவாசத்தையும் திருச்சபை மறக்கவில்லை.

எனினும் எல்லாச் சிறைக்கதைகளும் இப்படி முடிவதில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் அடைபட்டவர்களின் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவ்வீட்டுப் படியேற நம்மில் எத்தனை பேர் தயங்கினோம்? ஊர் என்ன சொல்லும், நம் பெயரும் எழுதப்படுமோ என்ற அச்சம் எனக்கும் இருந்ததுண்டு.

பவுலின் திருமுகத்தில் ஒனேசிப்போர் என்றொருவர் வருகிறார். அவர் போதித்ததாகச் செய்தியில்லை. பவுலின் விலங்கைக் கண்டு அவர் வெட்கப்படவில்லை. உரோமைக்கு வந்தபோது அக்கைதியை ஆவலோடு தேடிக் கண்டுபிடித்தார். திருமுகத்தின் இறுதியில் வாழ்த்துக் கூறும்போது, பவுல் ஒனேசிப்போரின் வீட்டாரை மறக்காமல் மீண்டும் குறிப்பிடுகிறார்.