குக்கர் தெரியும்... பாய்லர் தெரியுமா? முதுகுளத்தூர் இளைஞர்கள் கற்க வேண்டிய முதல் பாடம்!

முதுகுளத்தூர் பக்கம் நெருப்பைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கும் மூட்டங்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இங்கே அதிகம். அதே கருவேல விறகு லாரியேறி ஆலை பாய்லர்களுக்கும் போகிறது. அதன் பின்னாலேயே பிள்ளைகளும் வெளியூருக்குக் கிளம்புகிறார்கள். ஐ.டி.ஐ முடித்துவிட்டு சாயப்பட்டறை, அரிசி ஆலை என்று வேலை தேடும்போது காதில் விழுகிற ஒரு பெயர், ‘பாய்லர் ஆபரேட்டர்’.

‘தீ போடுற வேலைதானே’ என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் அது தண்ணீரைப் பார்க்கிற வேலை.

வீட்டு குக்கரில் தண்ணீர் கொதிப்பது சுமார் 120 டிகிரியில். ஆலை பாய்லரில் 10 கிலோ அழுத்தம் இருந்தால் அது சுமார் 184 டிகிரி. அவ்வளவு சூட்டிலும் அழுத்தம் அமுக்கிப் பிடித்திருப்பதால்தான் அது தண்ணீராகவே இருக்கிறது. எங்காவது உடைப்பு ஏற்பட்டு அழுத்தம் சட்டென்று இறங்கினால், அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும். திறந்த வெளியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். டன் கணக்கில் தண்ணீர் இருக்கும் பாய்லரில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

அதனால்தான் பயிற்சியின் முதல் பாடம், பாய்லரின் முகப்பில் இருக்கும் கேஜ் கிளாஸ் என்கிற கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். ஷிஃப்ட் மாறி உள்ளே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பார்த்தால் மட்டும் போதாது. அதன் வால்வைத் திறந்து ஊதிவிட்டு, தண்ணீர் மறுபடி சட்டென்று ஏறுகிறதா என்றும் சோதிக்க வேண்டும். குழாயில் அடைப்பு இருந்தால் கண்ணாடி பொய் சொல்லும்.

சரி, கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால்? புதியவர்களின் கை உடனே பம்ப் சுவிட்சுக்குத்தான் போகும். அதைத்தான் செய்யவே கூடாது. தண்ணீர் இல்லாமல் பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் தண்ணீர் பட்டால் விபரீதம். எரிபொருளையும் காற்றையும் நிறுத்தி, தீயை அடக்கி, பாய்லரைத் தானாக ஆறவிட வேண்டும். வீட்டில் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழும் ‘சுர்’ சத்தத்தை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

உப்புத் தண்ணீர் ஊர்க்காரருக்குத் தெரிந்த விஷயம்

அடுத்த பாடம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிது. போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு பாய்லர் குழாய்களிலும் படியும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே வெப்பம் தண்ணீருக்குச் சரியாகப் போகாது. விறகு கூடுதலாகச் செலவாகும் என்பது முதலாளியின் கவலை. வெப்பம் வெளியேற வழியில்லாத குழாய் சூடேறி, வீங்கி, வெடிக்கும் என்பது பக்கத்தில் நிற்பவரின் கவலை.

இதற்காகத்தான் தண்ணீரை சாஃப்ட்னர் வழியாக விடுகிறார்கள். உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும. மணிகள் களைத்துப்போனால் மறுபடி தயார்படுத்த ஊற்றுவது உப்புக் கரைசல்! கடலாடி பக்கம் வாலிநோக்கத்தில் விளைகிறதே, அதே சாதாரண உப்புதான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த மற்ற உப்புகள் பாய்லருக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிடும் ‘ப்ளோடவுன்’ அதற்குத்தான். சோம்பல்பட்டு அதைத் தள்ளிப்போட்டால், தண்ணீர் நுரைத்து நீராவிக் குழாய்க்குள் ஏறிவிடும்.

எல்லா பாய்லருக்கும் அடியில் தீ எரிய வேண்டும் என்பதுமில்லை. இதே மாவட்டத்தில் வழுதூர் மின்நிலையத்தில், எரிவாயு டர்பைன் வெளியே விடும் சூடான புகையிலிருந்தே நீராவி எடுத்து இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள்.

சான்றிதழில் கவனம்

1863-ல் கொல்கத்தாவில் நடந்த பாய்லர் வெடிப்பில் பலர் இறந்த பிறகுதான், அடுத்த ஆண்டு வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. 1923-ல் அது நாடு முழுமைக்குமான சட்டமானது. அதன் இடத்தில் இப்போது 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஆபத்து போய்விடவில்லை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இரண்டு பாய்லர் விபத்துகள். ஜூலை விபத்தில் ஆறு பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்த நாள்களில் இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகள் பலவற்றுக்கு அந்தச் செய்தி போனது.

பணம் கட்டும் முன் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சில நாள் அறிமுகப் பயிற்சி முடித்ததும் கிடைக்கும் தாள், பாய்லரைப் பொறுப்பேற்று இயக்கும் உரிமை ஆகாது. அதற்கு இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என பாய்லர் அட்டெண்டன்ட் தகுதிச் சான்றிதழ்கள் தனியாக இருக்கின்றன. பாய்லரில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்டி, அரசு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது கொதிகலன்கள் இயக்குநரகம். அறிமுகப் பயிற்சி வீண் என்றில்லை; கேஜ் கிளாஸ், சேஃப்டி வால்வ், ப்ளோடவுன் என்று கையோடு பழகிவிட்டு உள்ளே போகிறவருக்கு பயமும் தெளிவும் சேர்ந்தே இருக்கும்.

வேலைக்குச் சேரும் நாளில் பிள்ளை ஒரு விஷயத்தை நேரில் பார்த்துவிடலாம். பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு பாய்லரின் உடம்பிலும் அதன் பதிவு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்குரிய ஆய்வுச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று ஆலையில் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால், திரும்பி ஊருக்கு பஸ் ஏறுவதில் தப்பே இல்லை.