ஒற்றை முள்ளில் ஓடும் கடல்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் கிங்ஸ் லின் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. அங்குள்ள பெரிய தேவாலயத்தின் கடிகார முகப்பு ஒன்றில் எண்களே கிடையாது. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ‘லின் ஹை டைட்’ என்பதன் 12 ஆங்கில எழுத்துகள் வட்டமாக நிற்கின்றன. பச்சை டிராகன் வடிவ முள் எந்த எழுத்தைத் தொடுகிறதோ, அதுவே கடலேற்றம் வரும் நேரம். 1683-ல் தாமஸ் டூ என்ற கடிகாரக் கலைஞர் உருவாக்கிய அமைப்பு இது. ஏற்றம் தெரியாமல் கப்பலை அவிழ்க்க முடியாத ஊருக்கு அது அலங்காரப் பொருளல்ல, பிழைப்புக்கான கருவி.

இன்று அதன் வாரிசுகளான ஓதக் கடிகாரங்கள் (கடலின் ஏற்ற வற்றமே ஓதம்) பித்தளை வளையமும் தேக்குப் பலகையுமாக, பாய்மரப் படகுப் பிரியர்களுக்கும் கடற்கரை வீட்டுக்காரர்களுக்கும் பரிசாகப் போகின்றன. உள்ளே இருப்பது பேட்டரியில் ஓடும் எளிய இயக்கம்தான். முள்ளும் ஒன்றே ஒன்று. அது உச்சியில் நின்றால் கடலேற்றம், நேர் கீழே நின்றால் வற்றம். உச்சியிலிருந்து வலப்பக்கமாக இறங்கும்போது 5, 4, 3, 2, 1 என்று வற்றத்துக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதைக் காட்டும். இடப்பக்கம் ஏறும்போது அதே எண்கள் ஏற்றத்துக்கான காத்திருப்பைச் சொல்லும்.

சாதாரணக் கடிகாரத்தின் மணி முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று வரும். இந்த முள்ளுக்கு 12 மணி 25 நிமிடம் தேவை. பூமி ஒருமுறை சுழன்று முடிப்பதற்குள் நிலா தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதே இடம் மீண்டும் நிலாவுக்கு நேராக வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதில் பாதிதான் அந்தக் கணக்கு.

ஆனால் கடலை இழுப்பது நிலா மட்டுமல்லவே! நிலா எழுப்பும் ஓதத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சூரியனும் எழுப்புகிறது. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கும். இடைப்பட்ட நாட்களில் சூரியன் ஏற்ற நேரத்தை முன்னும் பின்னும் தள்ளிவிடும். சூரியனைக் கணக்கில் கொள்ளாத இந்த முள், சில நாட்களில் ஒரு மணி நேரம் வரைகூட விலகிப்போகும். அமாவாசை அல்லது பௌர்ணமி நாளில், உள்ளூர் ஏற்ற நேரம் பார்த்து முள்ளை உச்சியில் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: எல்லாக் கடலும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை. பாஸ்டன் போன்ற அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை ஊர்களில் தினமும் ஏறக்குறைய சமமான இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அங்கே இந்தக் கடிகாரம் நன்றாகவே ஒத்துழைக்கும். மெக்சிகோ வளைகுடாவின் பென்சகோலாவில் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம். முள் பாதி நேரம் பொய் சொல்லும். சியாட்டிலில் இரண்டு ஏற்றங்களும் சமமாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலோ ஓர் ஏற்றம் முடிந்து சற்றே தணிந்த நீர், உடனே மறுபடியும் உயர்கிறது. அந்த இரட்டை ஏற்றத்தை ஒற்றை முள்ளால் காட்ட முடியாது.

சென்னைக் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் வகை. ஆகவே கடிகாரம் இங்கும் பொருந்தும். ஆனால் நீர்மட்ட வேறுபாடு பெரிய ஓதங்களின்போதே சுமார் ஒரு மீட்டர்தான் என்பதால், பாஸ்டன்வாசி காணும் மாற்றம் இங்கே கண்ணில் படாது.

பரிசளிக்க நினைப்பவர்கள் அழகைப் பார்ப்பதற்கு முன், பெறுபவரின் கரை எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும். கூடவே அந்த ஆண்டின் ஓத அட்டவணை ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தியத் துறைமுகங்களுக்கு அதை இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது. சுவரில் இருக்கும் கடிகாரம் கடலின் போக்கை வீட்டுக்குள் உணர்த்தும். படகை இறக்கும் நேரத்தை மட்டும் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.